தன்பாலீர்ப்பும் கிறிஸ்தவ விசுவாசமும்: கொங்கு நாட்டில் புதிதாக வாசிக்கத் தொடங்குபவருக்கு

சபையில் வளர்ந்தவர். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் பார்த்தவர். தன் ஈர்ப்பு தன் பாலினத்தார் மேல்தான் என்பதும் இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அடுத்து எதை வாசிப்பது, யாரிடம் வாய் திறப்பது, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று நிற்பவருக்கான வழிகாட்டி இது. ஆணுக்கு எழுதியதுபோல் சில இடம் இருக்கும். பெண்ணுக்கு வேறுபடும் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும்போதே ஒன்று. வேதத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரே வாரத்தில் தீர்த்துவிடத் துடிப்பவர்கள், கல்யாணப் பேச்சை மட்டும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. வேத வாசிப்புக்கு ஒரு வருடம் ஆனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. கல்யாணத்துக்கு மண்டபத் தேதி இருக்கிறது, இன்னொரு வீட்டுப் பிள்ளை இருக்கிறாள்.

போனிலிருந்து தொடங்குங்கள்

பலருடைய விஷயம் வெளியே வந்தது வீட்டு டிவியால்தான். போனில் இருக்கும் அதே கூகுள் கணக்கு ஹாலில் உள்ள டிவியின் யூடியூபிலும் இருக்கும். இரவு அறையில் பார்த்த வீடியோவைப் போன்றவை எல்லாம் காலையில் அம்மா ஜெபப் பாட்டு போடும்போது வரிசையாக வந்து நிற்கும். தனியாக ஒரு மெயில் கணக்கு தொடங்கி, இந்த வாசிப்பு முழுவதையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் இல்லை என்று பாருங்கள். திருப்பூரில் ஒரு ரூமில் நான்கு பேர் தங்கியிருந்தால் திரைப்பூட்டு எண்ணை மாற்றுங்கள். அறிவிப்பில் செய்தியின் முதல் வரி தெரியாதபடி அமைப்பை மாற்றுவதும் அவசியம்.

புத்தகத்தை வீட்டு முகவரிக்கு வரவழைக்காதீர்கள். பார்சலைப் பிரிப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள். மின்னூலாக வாங்கலாம். பெரும்பாலான மின்னூல்களுக்கு முதல் சில பக்கங்கள் இலவச மாதிரியாகக் கிடைக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

வேத பகுதிகள்: வாரத்துக்கு ஒன்று

வேண்டியவை: ஒரு நோட்டு, சபையில் வாசிக்கும் பழைய திருப்புதல் வேதாகமம், 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு. இரண்டும் இலவசச் செயலிகளில் உண்டு. ஆங்கிலம் வருமானால் ஒரு ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். வசனம் என்ன சொல்கிறது. ஒருபால் உறவு பாவம் என்னும் பாரம்பரியத் தரப்பும் அதை ஏற்கும் மறு தரப்பும் அதற்கு என்ன விளக்கம் தருகிறார்கள். எனக்கு இன்னும் தீராதது என்ன. மூன்றாவது பகுதி காலியாகவே இருந்தால் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

எப்போதும் இழுக்கப்படும் பகுதிகள் ஏழுக்குள் அடங்கும்: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9-10, 1 தீமோத்தேயு 1:10, யூதா 7. ஒவ்வொன்றையும் ஒற்றை வசனமாக வாசிக்காமல் முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் சேர்த்து வாசியுங்கள். பிரசங்கத்தில் கேட்டதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும்.

முதல் வாரம் சோதோம். ஆதியாகமம் 19-ஐ வாசித்த கையோடு நியாயாதிபதிகள் 19-ஐயும் வாசியுங்கள். கிபியா ஊரில் கிட்டத்தட்ட அதே சம்பவம் நடக்கிறது, அங்கே கூட்டம் ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொல்கிறது. பிறகு எசேக்கியேல் 16:49. சோதோமின் அக்கிரமம் என்று அங்கே பட்டியலிடப்படுவது ‘கெர்வமும், ஆகாரத்திரட்சியும்’, எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமையும். இதைப் படித்ததும் ‘அப்போ பிரச்சினை முடிஞ்சுது’ என்று நோட்டை மூடிவிடாதீர்கள். அடுத்த வசனத்திலேயே ‘அருவருப்பானது’ என்ற சொல் வருகிறது. பாரம்பரியத் தரப்பு அதையும் யூதா 7-ஐயும் எடுத்து வைக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லேவியராகமத்தில் மொழிபெயர்ப்புச் சிக்கல் பெரிதாக இல்லை. வசனம் நேராகவே இருக்கிறது. கேள்வி வேறு. இஸ்ரவேலின் பரிசுத்தச் சட்டத்தில் எது கிறிஸ்தவனுக்கு இன்றும் கட்டளை, எது இல்லை, யார் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? கலப்பு நூலாடை தடையும் (19:19) அதே பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொல்லிக் கேலி செய்துவிட்டுப் போவது சோம்பேறி வாதம். 18-ஆம் அதிகாரத்தில் முறைகேடான உறவுத் தடைகளும் இருக்கின்றன, அவற்றைச் சபைகள் பொதுவாகக் கைவிடவில்லை.

ரோமர் 1-ஐ அதிகாரம் முடிந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. 2:1 வரை போக வேண்டும். ‘போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை’ என்று பவுல் திரும்புவது, அதுவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவனை நோக்கி. அந்தத் திருப்பத்தால் 26, 27-ஆம் வசனங்கள் இல்லாமல் போய்விடாது. ஆனால் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்பது மாறும். இரண்டு தரப்பும் கடுமையாக மோதுவது இந்த அதிகாரத்தில்தான். இதற்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

கொரிந்தியர் பட்டியலில் உள்ள இரண்டு கிரேக்கச் சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்துக்குள் போக முடியாது. ஒன்று ‘மலகோய்’, நேர்ப்பொருள் மென்மையானவர்கள். மத்தேயு 11:8-இல் ‘மெல்லிய வஸ்திரம்’ என்று வருவதும் இதே சொல். பழைய திருப்புதல் 1 கொரிந்தியரில் இதைச் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்று போட்டிருக்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் பொதுவாக அந்தப் பொருளில் கொள்வதில்லை. இரண்டாவது ‘அர்செனோகொய்த்தாய்’. ஆண், படுக்கை என்ற இரு சொற்களின் கூட்டு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் லேவியராகமம் 20:13-இல் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து இருப்பதால் பவுல் அங்கிருந்து எடுத்தார் என்கிறது பாரம்பரியத் தரப்பு. அன்றைய ரோம உலகில் சிறுவர்களையும் அடிமைகளையும் பயன்படுத்திய வழக்கமே இலக்கு என்கிறது மறு தரப்பு. ஆங்கில வேதாகமத்தில் ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல் முதலில் நுழைந்தது 1946-இல் வந்த ஆர்.எஸ்.வி. புதிய ஏற்பாட்டில். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் அடிக்கடி வரும்.

இவற்றை முடித்த பிறகு மறுபக்கமும் வாசிக்க வேண்டும். பாரம்பரிய நிலைப்பாட்டின் உண்மையான அடித்தளம் ஆதியாகமம் 1, 2-உம் மத்தேயு 19:4-6-உம். அதே மத்தேயு 19-இல் 12-ஆம் வசனம் அண்ணகர்களை, அதாவது பிறவியிலோ விதைநீக்கத்தாலோ பிள்ளை பெற முடியாத ஆண்களைப் பற்றிப் பேசுகிறது. ஏசாயா 56:3-5 ‘பட்டமரம்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று அண்ணகனிடம் சொல்கிறது. அப்போஸ்தலர் 8-இல் ஞானஸ்நானம் பெறும் எத்தியோப்பியரும் மூலத்தில் அண்ணகரே. பழைய திருப்புதலில் அவர் ‘மந்திரி’யாக மட்டும் இருப்பதால் நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். தன்பாலீர்ப்பும் அண்ணகத்தன்மையும் ஒன்றல்ல, கலந்துவிடக் கூடாது. கல்யாணம், பிள்ளை என்ற பாதையில் வராதவருக்குச் சபையில் என்ன இடம் என்ற கேள்விக்குத்தான் இவை பயன்படும்.

நூல்களும் தரப்புகளும்

இந்தப் பொருளில் எழுதுகிற, பேசுகிற கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ மூன்று வகை. ஒருபால் இணைவாழ்வைத் தேவன் ஆசீர்வதிப்பார் என்பவர்கள் ஏ தரப்பு. ஈர்ப்பு பாவமல்ல, ஆனால் உடலுறவு கூடாது, துறவு வாழ்வே அழைப்பு என்பவர்கள் பி தரப்பு. ஈர்ப்பையே மாற்றிவிடலாம் என்பவர்கள் மூன்றாவது வகை. யூடியூபில் தமிழில் தேடினால் பெரும்பாலும் மூன்றாவது வகையே முன்னால் வரும். அந்த வகையின் மிகப் பெரிய அமைப்பான அமெரிக்காவின் எக்சோடஸ் இன்டர்நேஷனல் 1976-இல் தொடங்கி 2013-இல், அதன் தலைவரே பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, மூடப்பட்டது. இது நம்மூர் மேடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வாசிக்கும் வரிசையாக நாங்கள் சொல்வது: முதலில் இரண்டு வாழ்க்கைக் கதைகள். ஏ தரப்பில் ஜஸ்டின் லீயின் ‘டோர்ன்’ (2012), பி தரப்பில் வெஸ்லி ஹில்லின் ‘வாஷ்ட் அண்ட் வெயிட்டிங்’ (2010). இரண்டும் சின்னப் புத்தகங்கள், எளிய ஆங்கிலம், இரண்டு பேருமே தன்பாலீர்ப்பாளர்கள். அதன் பிறகு வேத ஆய்வு: ஜேம்ஸ் பிரவுன்சன் (2013) ஏ தரப்புக்கு, ராபர்ட் காக்னான் (2001) பாரம்பரியத் தரப்புக்கு. காக்னானை முதலில் எடுக்க வேண்டாம். ஐநூறு பக்கத்துக்கு மேல், மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் அடி போல விழும். நீங்கள் கத்தோலிக்கர் என்றால், ஜேம்ஸ் மார்ட்டின் என்ற யேசு சபைக் குருவின் ‘பில்டிங் எ பிரிட்ஜ்’ (2017) வாசிக்கலாம். தமிழில் இரு பக்கத்தையும் நேர்மையாக வைக்கும் நூல் அரிது. பால்-பாலினம் பற்றிய அடிப்படைத் தகவலுக்கு, விசுவாசம் கலக்காமல், சென்னையின் ஓரினம் குழுவின் தமிழ்ப் பக்கங்கள் போதும்.

இரவு பதினொன்றுக்கு மேல் இந்த வாசிப்பு வேண்டாம். ஷிப்ட் முடித்துவந்து படுக்கையில் போனில் வாசிப்பதில் பாதி மண்டையில் ஏறாது, ஏறியது தூக்கத்தைக் கெடுக்கும். அரை மணி நேரம், உட்கார்ந்து, பகலில்.

உங்கள் சபை எது என்பதைப் பொறுத்து

கத்தோலிக்கருக்கு நிலைப்பாடு எழுத்தில் இருக்கிறது. மறைக்கல்வி நூலின் 2357 முதல் 2359 வரையுள்ள மூன்று பத்திகள். முதல் பத்தி ஒருபால் உறவுச் செயல்களைக் கண்டிக்கிறது. இரண்டாவது, இவர்கள் மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும், அநியாயப் பாகுபாடு கூடாது என்கிறது. மூன்றாவது கற்புநெறிக்கு அழைக்கிறது. நம்மூரில் முதல் பத்தி மட்டுமே பிரசங்கத்தில் வரும். பேச்சு எழுந்தால் 2358-ஐ எண்ணோடு சொல்லத் தெரிந்திருப்பது உதவும். 2023 டிசம்பர் 18-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை ஒருபால் இணையருக்குக் குரு எளிய ஆசி வழங்கலாம் என்றது. அது திருமணமும் இல்லை, வழிபாட்டுச் சடங்கும் இல்லை. ‘போப் கல்யாணத்துக்கு ஓகே சொல்லிட்டார்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரிடமும் வாதாடாதீர்கள்.

இங்கே ஒரு நடைமுறை நுணுக்கம். ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொன்னதைக் குரு எந்த நிலையிலும் வெளியிட முடியாது, அது திருச்சபைச் சட்டம். பங்கு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசியதற்கு அந்த முத்திரை கிடையாது. முதல்முறை சொல்வதாக இருந்தால் பாவசங்கீர்த்தனத் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் சொந்தப் பங்கில் வேண்டாம். கோவையில் பெரிய கடை வீதி புனித மைக்கேல் பேராலயம், வெளியூர்க்காரர் நிறைய வரும் கருமத்தம்பட்டி பசிலிக்கா போன்ற இடங்களில் யார் எவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) ஒருபால் திருமணம் நடத்தும் முறை இல்லை. அங்கே ஆயர் எனப்படும் சபைப் போதகர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறார்கள்; கமிட்டி மாறுவதில்லை. ஆயர் நல்லவராக இருந்து நீங்கள் சொன்னது அவரோடு நின்றாலும், அடுத்தவர் எப்படி என்று தெரியாது. பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் பாஸ்டர் ஒருவரே எல்லாம். அங்கே சொன்ன விஷயம் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் மறுநாளே பெண்கள் உபவாச ஜெபத்துக்குப் போய்விடும். கெட்ட எண்ணம் இருக்காது. ஆனாலும் போய்விடும். திருப்பூர், கோவை சபைகளில் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் நிறைய. இங்கே காலை ஆராதனையில் கசிந்தது மாலைக்குள் நாசரேத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கல்யாணப் பேச்சு

பேச்சு தொடங்கும் கட்டத்திலேயே நிறுத்துவதுதான் எளிது. ஜாதகம் இல்லாத வீடுகளில் வரன் சபை வழியாகவும் சொந்தம் வழியாகவும் வரும். பெண் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டால் ஒரு படி. நிச்சயம் முடிந்தால் இரண்டாவது படி. சபையில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கத் தொடங்கிய பிறகு பின்வாங்கினால், அவமானம் முழுவதும் பெண்ணின் தலையில் விழும். ‘அவளுக்கு என்ன குறையோ’ என்றுதான் ஊர் பேசும். ஆகவே எல்லை பெண் பார்க்கப் போவதற்கு முன்.

‘இந்தப் பெண் வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். அடுத்த பெண்ணைக் காட்டுவார்கள். ‘இன்னும் இரண்டு வருடம்’ என்றால் தேதி குறித்துவைத்துக்கொள்வார்கள், படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் ஒருநாள் முடிந்துவிடும் காரணங்கள். ‘கல்யாணமே வேண்டாம்’ என்ற ஒரே வரியைக் குரல் உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொல்வதே நிலைக்கும். காரணத்தையும் சொல்லிவிட முடிவெடுத்தால் சுருக்கமாக:

“அம்மா, எனக்குப் பொண்ணு பாக்க வேண்டாம்மா. பொண்ணுங்க மேல எனக்கு அந்த மாதிரி நாட்டம் வராது. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். நீங்க வளத்ததுல ஒரு தப்பும் இல்ல. இன்னொருத்தர் வீட்டுப் புள்ளைய ஏமாத்த என்னால முடியாது.”

கடைசி வரிதான் விசுவாசக் குடும்பத்தில் வேலை செய்யும். அப்பாவிடம் அன்றே சொல்ல வேண்டியதில்லை. அழுகை, உபவாசம், மாமா வருகை என்று சில வாரம் போகும். அந்த வாரங்களில் வேத வசன விவாதத்தில் இறங்காதீர்கள். நோட்டு எவ்வளவு நிரம்பியிருந்தாலும் சரி. அழுகிற அம்மாவிடம் கிரேக்கச் சொல் விளக்கம் எடுபடாது.

யாரிடமும் சொல்வதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்: மூன்று மாதச் செலவுக்கான பணம் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில், ஆதார், மதிப்பெண் பட்டியல், ஞானஸ்நானச் சான்று ஆகியவற்றின் மூலமோ நகலோ வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில், டிஜிலாக்கர் கணக்கு, ஒரு இரவு தங்க ஒரு நண்பர் வீடு. அந்த நண்பர் சபைக்கும் சொந்தத்துக்கும் வெளியே இருப்பவராக இருக்கட்டும். பெண்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் கறாராகப் பொருந்தும். போனைப் பிடுங்குவது, வேலைக்கு அனுப்பாமல் நிறுத்துவது, அத்தை வீட்டில் அடைப்பது எல்லாம் பெண்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. நம்பகமான ஒருவரிடம், ‘இரண்டு நாள் என்னிடமிருந்து பதில் வராவிட்டால் இதைச் செய்’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏற்கெனவே கல்யாணம் ஆனவருக்கு வழி வேறு, வழக்கறிஞர் தேவை. ஒன்று மட்டும்: திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் அரசுச் சட்டத்தில் அது முடிவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும்.

‘விடுதலை’யும் சிகிச்சையும்

யாரோ உங்களுக்காக ஜெபிப்பது அவர் உரிமை. உங்களை அடைத்து வைத்து ஜெபிப்பது குற்றம். ஈர்ப்பிலிருந்து ‘விடுதலை’ என்று சொல்லிக் கூட்டத்துக்கோ முகாமுக்கோ அழைத்துப் போனால் கவனியுங்கள்: போனை வாங்கி வைக்கிறார்களா, வெளியே போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, சாட்சி வீடியோ எடுக்கிறார்களா. ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். பி.பி., தைராய்டு, மனநல மாத்திரைகளை உபவாசத்துக்காக நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. எச்.ஐ.வி. மருந்தை இடையில் விட்டால் வைரஸ் அந்த மருந்துக்கே எதிர்ப்புத் திறன் பெற்றுவிடலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வயதுவந்தவர்கள் இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமில்லை. ஒருபால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை (2023 அக்டோபர் 17). 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. குடும்பம் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை 2025 மே மாதம் ஆட்கொணர்வு மனுவில் விடுவித்தபோது, திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியில்லை என்றும் அதே உயர் நீதிமன்றம் சொன்னது. அடைத்து வைத்தால் 112, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மனம் தாங்காமல் போனால் டெலி-மானஸ் 14416, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும். சாக வேண்டும் என்ற எண்ணம் வரும் நாளில் வேத வாசிப்பை நிறுத்திவிட்டு முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். நேரில் பார்க்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்குப் போகலாம். தனியார் ஆலோசகர் என்றால் பணம் கட்டும் முன் போனிலேயே மூன்று கேள்வி: உங்கள் படிப்பு என்ன? இதை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? நான் சொல்வதை வீட்டாரிடமோ பாஸ்டரிடமோ சொல்வீர்களா? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ‘இல்லை’ என்ற நேரடிப் பதில் வராவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ‘கிறிஸ்தவ ஆலோசகர்’ என்ற பலகை மட்டும் தகுதியாகாது.

சபை மாறுவதாக இருந்தால்

கோபத்தில் ஒரே ஞாயிற்றில் நின்றுவிட வேண்டாம். வராதவரைத் தேடி வீட்டுக்கு ஆள் வரும், கேள்வி வரும். வேலை மாற்றம், ரூம் மாற்றம் வரும்போது சேர்த்துச் செய்வது இயல்பாகத் தெரியும். பெரிய நகரச் சபையில், கடைசி வரிசையில், ஆங்கில ஆராதனையில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. சில மாதத்துக்கு அதுவே போதும். மாறுதல் கடிதத்தை உடனே வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகளின் நகலை உறவு கெடுவதற்கு முன்பே, பாஸ்போர்ட்டுக்கு என்று சொல்லி, வாங்கி வைத்துவிடுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டால், பின்னால் வேறு ஆயர் வந்தபோது தேட எளிதாக இருக்கும்.